டிரெயிலருடன் நெடுவழி செல்வோர் வழி தெரிவு செய்தல்: மாயாபந்தர்ச் சாலை காட்டும் உண்மைகள்

வேளாண்மை, மீன்வளம், சுகாதாரம், குடிநீர் வழங்கல் ஆகிய துறைகளைச் சேர்ந்த களப்பணியாளர் தம் கருவிகளை மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டிய டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்ல நேரிடுவதுண்டு. மின்னாக்கி, தண்ணீர்த் தொட்டி, மருந்து தெளிக்கும் எந்திரம், சிறு படகு ஆகியன இவ்வாறு இழுத்துச் செல்லப்படும் பொருள்களுள் சிலவாம். தனி வண்டியில் செல்பவர் எந்த வழி குறுகியது, எது விரைவில் கொண்டு சேர்க்கும் என்ற இரண்டை மட்டும் கேட்டறிந்தால் போதும். டிரெயிலர் பூட்டியவருக்கோ இவ்விரண்டும் கடைசியில் கேட்கத்தக்க வினாக்களே. இந்த வழியில் மிகக் கடினமான இடம் எது, அவ்விடத்தில் வண்டியைத் திருப்ப முடியுமா, முடியாவிடின் நிறுத்தவாவது முடியுமா என்பனவே அவர் முதலில் தெளிய வேண்டியவை. இருநூறு கிலோமீட்டர் சாலை நன்றாயிருந்து, ஓரிடத்தில் மட்டும் டிரெயிலர் செல்ல இயலாதெனின், அவருக்கு அந்த வழி முழுவதுமே பயனற்றதாகும்.

இவ்வுண்மையை அந்தமான் தீவுகளின் நெடுஞ்சாலையைப்போல் தெளிவாகக் காட்டும் சாலை நம் நாட்டில் வேறொன்றிருத்தல் அரிது. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற தலைநகரிலிருந்து வடக்கே மாயாபந்தர்வரை சாலைவழித் தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மாயாபந்தர் நடு அந்தமான் தீவின் வடகோடியில் உள்ள துறைமுக ஊர். 2006-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தின் தலைநகர். காட்டு மரம் வெட்டும் வேலைக்காக 1925-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட கரேன் மக்களின் குடியிருப்புகள் இதன் அண்மையில் உள்ளன. அக்காலத்தில் இப்பகுதியில் பாரம் இழுத்தவை யானைகள். சங்கிலியில் பிணித்த அடிமரத்தை யானை மேட்டில் இழுப்பதையும், பள்ளத்தில் அம்மரம் தன் காலில் வந்து மோதாதபடி ஒதுங்கி நடப்பதையும் கண்டவர்களுக்கு டிரெயிலரைப் பற்றிய பாதிப் பாடம் விளங்கியிருக்கும்.

1970-ஆம் ஆண்டுகளில் வேலை தொடங்கிப் படிப்படியாக நீட்டிக்கப்பட்ட அந்தமான் டிரங்க் ரோடு இன்று தேசிய நெடுஞ்சாலை எண் 4 ஆகும். தலைநகரிலிருந்து புறப்படும் வண்டி ஃபெரார்கஞ்சைக் கடந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியை அடைகிறது. அங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் ஒதுக்கக் காட்டினூடே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் கடற்கழி குறுக்கிடும். அதை வாகனப் படகில் கடந்து பாராடாங் தீவின் நிலாம்பூர் ஜெட்டியில் இறங்க வேண்டும். பாராடாங்கின் வடபுறத்தில் ஹம்ஃப்ரி நீரிணை உள்ளது. முன்னாளில் காந்தி காட்டிலிருந்து உத்தரா ஜெட்டிவரை இங்கும் படகுதான். இப்போது ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள ஆசாத் ஹிந்து ஃபௌஜ் சேது என்னும் பாலம் அமைந்துள்ளது. அதன்பின் கடம்தலா, ரங்கத், பெட்டாப்பூர், பில்லிகிரவுண்ட் வழியாக மேடும் பள்ளமுமாகச் சென்று, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலையில் மாயாபந்தரை அடையலாம்.

ஆகவே ஒரே பயணத்தில் ஒதுக்கக் காடு, படகுத் துறை, நீண்ட பாலம், மலைச்சரிவு, வளைவு ஆகிய அனைத்தும் வருகின்றன. இவற்றிற்கு மாற்றாகக் கடல்வழி ஒன்றும் உண்டு. அது தூரத்தில் குறைந்தது. இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்பதை முடிவு செய்ய, டிரெயிலர் பூட்டிய வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

எடுத்துக்காட்டாக, ஆட்களுடனும் கருவிகளுடனும் 1,800 கிலோகிராம் எடையுள்ள ஜீப் ஒன்று 1,000 கிலோகிராம் எடையுள்ள இருசக்கர டிரெயிலரை இழுப்பதாகக் கொள்வோம். தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கு ஏற்படும் தடையை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு எனக் கொண்டால், சமதளத்தில் வேண்டிய இழுவிசை 56 கிலோகிராம். பதினைந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், அதாவது 15 மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், மொத்த எடையின் பதினைந்தில் ஒரு பங்காகிய 187 கிலோகிராம் இதனோடு கூடும். ஆக 243 கிலோகிராம். தனி ஜீப்புக்கு இவ்விடத்தில் வேண்டியது 156 கிலோகிராமே. எந்திரம் இந்த வேறுபாட்டைக் கீழ்க்கியரில் தாங்கிக்கொள்ளும். ஆதலின் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலராயினும், உண்மையில் அஞ்சத்தக்கது இறக்கமே.

டிரெயிலருக்குத் தனிப் பிரேக் இல்லாவிடின் ஜீப்பின் பிரேக்குகளே இரண்டின் எடையையும் நிறுத்த வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜீப் தனியாக 12 மீட்டரில் நிற்குமெனில், அதே பிரேக் விசையில் டிரெயிலருடன் நிற்க ஏறத்தாழ 19 மீட்டர் ஆகும். வெப்பமோ இதனினும் பெரிய இடர். 2,800 கிலோகிராம் எடை 300 மீட்டர் உயரம் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இருபது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கச் செய்யப் போதுமானது. இவ்வளவு வெப்பமும் நான்கு பிரேக் உருளைகளில் சேருமாயின் பிரேக்கின் பிடிப்பு தளர்ந்துவிடும். ஏறுவதற்குப் பயன்பட்ட அதே கியரில் இறங்கினால் இவ்வாற்றலின் பெரும் பகுதியை எந்திரமே ஏற்றுக்கொள்ளும். ஓட்டுநர் இதனை அறிந்திருந்தும், நேரம் தவறியபோது மறந்துவிடுவதே வழக்கம்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. முதுமலைப் பக்கமிருந்து உதகமண்டலம் செல்ல மசினகுடி, கல்லட்டி வழியாக ஒரு சாலையும், கூடலூர் வழியாக மற்றொரு சாலையும் உள்ளன. கல்லட்டிச் சாலையின் தூரம் மற்றதில் ஏறத்தாழப் பாதிதான். ஆயினும் அதில் 36 கொண்டையூசி வளைவுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. சரிவு மிகக் கடுமை. கனரக வாகனங்கள் அதில் அனுமதிக்கப்படுவதில்லை. டிரெயிலர் பூட்டியவர் வரைபடத்தில் குறுகிய கோட்டைக் கண்டு அவ்வழியே திரும்புவாராயின், சேமித்த தூரத்தைப்போல் பன்மடங்கு துன்பத்தை விலையாகக் கொடுப்பார். கூடலூர் வழியே சுற்றிச் செல்வதே அவருக்குக் குறுக்கு வழி.

அந்தமானில் மலைகள் நீலகிரியைப்போல் உயர்ந்தவையல்ல. ஆனால் அங்குச் சுற்றுவழி கிடையாது. மேலும் ஆண்டொன்றுக்குச் சராசரி 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாடு அது. மே மாதம் முதல் டிசம்பர்வரை இரு பருவக் காற்றுகளும் மழை தருகின்றன. சரிவு சிறிதாயினும் ஈரச் சேறு படிந்த சாலையில் டிரெயிலர் ஜீப்பைப் பின்னாலிருந்து தள்ளிக் குறுக்கே திருப்பிவிடக் கூடும். ஜனவரி முதல் ஏப்ரல்வரை உள்ள வறண்ட காலத்திற்குத் தள்ளி வைக்கத்தக்க பயணமாயின் தள்ளி வைப்பதே நன்று.

வளைவில் உள்வாங்குதல்

வளைவில் திரும்பும் எந்த வண்டியிலும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே செல்வதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிச் செல்லும். இதனை உள்வாங்குதல் எனலாம். மாட்டு வண்டி தெருமுனையில் திரும்பும்போது கடைக்கல்லில் உராய்வது இதனாலேயே. டிரெயிலர் பூட்டியபின் இது மிகுதிப்படுகிறது.

இதனைக் கணக்கிடுவது எளிது. ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2.4 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 0.9 மீட்டர் பின்னால் உள்ளது. கொக்கியிலிருந்து டிரெயிலரின் அச்சுவரை ஏர்க்காலின் நீளம் 3.2 மீட்டர் எனக் கொள்வோம். முதல் எண்ணின் வர்க்கத்தோடு மூன்றாவதன் வர்க்கத்தைக் கூட்டி, இரண்டாவதன் வர்க்கத்தைக் கழித்து, வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் உள்வாங்கும் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 14 மீட்டர் ஆரமுள்ள வளைவில் தனி ஜீப் 20 சென்டிமீட்டர் அளவே உள்வாங்கும். டிரெயிலரின் சக்கரமோ 54 சென்டிமீட்டர் உள்வாங்கும். படகு ஏற்றும் டிரெயிலரைப்போல் ஏர்க்கால் 5 மீட்டர் நீண்டதாயின் இது ஒரு மீட்டரையும் தாண்டிவிடும். ஒற்றைத்தடச் சாலையின் அகலம் 3.75 மீட்டரே, அதன் உட்புற ஓரத்தில் மழைநீர்க் கால்வாய் இருக்குமாயின் டிரெயிலரின் ஒரு சக்கரம் அதனுள் இறங்கிவிடும்.

ஆரத்தை அறிய அளவைக் கருவி வேண்டுவதில்லை. பத்து மீட்டர் கயிறு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் வளைவின் வெளியோரத்தில் தொடுமாறு சாலையின் குறுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். கயிற்றின் நடுவிலிருந்து வெளியோரம்வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். கயிற்றின் நீளத்தின் வர்க்கத்தை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் வரும். இடைவெளி 90 சென்டிமீட்டராயின் ஆரம் ஏறத்தாழ 14 மீட்டர். சரிவை அறியவும் இத்தகைய எளிய வழி உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின்மேல், சிறு காற்றுக்குமிழி மட்டும் எஞ்சுமாறு நீர் நிரப்பி மூடிய நேரான கண்ணாடிக் குழாயைக் கிடத்தி, குமிழி நடுவில் நிற்கும்வரை பலகையின் தாழ்ந்த முனையை உயர்த்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயர்த்த வேண்டியிருப்பின் சரிவு இருபதுக்கு ஒன்று. பள்ளி மாணவர்களைக் கொண்டு ஊர்ச் சாலைகளில் இவ்வளவுகளை எடுத்துப் படம் வரையச் செய்வது வடிவகணிதத்திற்கும் நல்ல பயிற்சி. பின்னால் அவ்வழியே பாரம் கொண்டுவரும் துறையினருக்கும் உதவி.

படகுத் துறை

மாயாபந்தர் வழியில் டிரெயிலருக்கு மிகக் கடினமான இடங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று மிடில் ஸ்ட்ரெயிட்டின் படகுத் துறை. சாலையில் 200 கிலோமீட்டர் இடரின்றி ஓடும் டிரெயிலர் துறையின் இருபது மீட்டரில் மாட்டிக்கொள்ளலாம்.

இறக்கம் முடிந்து சமதளம் தொடங்கும் மூலையைக் கவனிக்க வேண்டும். ஜீப்பின் பின்சக்கரம் படகின் தளத்தை அடைந்ததும், அதற்கு 0.9 மீட்டர் பின்னாலுள்ள கொக்கி இன்னும் சரிவுக்கு மேலேயே நிற்கும். சரிவு எட்டுக்கு ஒன்றாயின் கொக்கிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 11 சென்டிமீட்டர் குறைகிறது. ஐந்துக்கு ஒன்றாயின் 18 சென்டிமீட்டர். ஏர்க்காலின் முனையில் தொங்கும் சிறு தாங்குசக்கரம் முழுதும் மேலே ஏற்றிக் கட்டப்படாவிடின் இங்கே தட்டி வளைந்துவிடும். இம்மூலையை மறுகரையில் ஏறும்போதும் கடக்க வேண்டும்.

அடுத்தது கடல் ஏற்ற இறக்கம். அந்தமான் கடலில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வடிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேறுபாடு உண்டு. அட்டமியை ஒட்டிய நாள்களில் இது பாதிக்கும் குறைவு. மேடையோடு படகு அணையும் துறையாயின், நீர் வடிய வடியப் படகின் பலகைக்கும் மேடைக்கும் இடையே சரிவு கூடும். சாய்தளத்தில் அணையும் துறையாயின் சரிவு மாறாது. ஆனால் தாழ்நீரில், எந்நேரமும் நீருக்குள் கிடந்து பாசி படிந்த கீழ்ப்பகுதியில் சக்கரம் ஊன்ற வேண்டியிருக்கும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் நாம் கொண்ட வண்டிக்கு வேண்டிய இழுவிசை ஏறத்தாழ 400 கிலோகிராம். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் அவற்றின்மேல் விழும் எடை 1,000 கிலோகிராம் எனின் உராய்வுக் கெழு 0.4 இருந்தாக வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுத்தால் 0.2 போதும். உலர்ந்த கான்கிரீட் முதலில் சொன்ன அளவை எளிதில் தரும். பாசி படிந்த ஈரக் கான்கிரீட் தராது. ஆகவே நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டி, நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் துறையை அடையுமாறு புறப்பட வேண்டும். உயர்நீர் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். சென்ற வாரம் வசதியாயிருந்த நேரம் இவ்வாரம் வசதியாயிராது.

படகின் ஒருபுறம் மட்டுமே திறக்குமாயின், ஏறும்போதோ இறங்கும்போதோ டிரெயிலரைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். இருசக்கர டிரெயிலரைப் பின்னோக்கிச் செலுத்தும்போது அது கொக்கியில் மடிந்து ஜீப்போடு மோத முற்படும். இதனைத் தடுக்கும் கைப்பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. பழகாதவர் துறையில் வந்து பழக முயலுதல் பிறர் நேரத்தை வீணாக்குவதாகும். டிரெயிலரைக் கழற்றி ஆட்களைக் கொண்டு தள்ளலாமே எனின், சமதளத்தில் 1,000 கிலோகிராம் டிரெயிலரை நகர்த்த 20 கிலோகிராம் விசை போதுமாதலால் இருவர் தள்ளிவிடுவர். சரிவிலோ 100 கிலோகிராமுக்கு மேல் வேண்டும். கை வழுக்கினால் டிரெயிலர் கடலுக்குள் போகும். சரிவில் கழற்றுதல் கூடாது.

நிற்கக் கூடாத காடு

மற்றொரு கடினமான இடம் ஜிர்காடாங்கிற்கும் மிடில் ஸ்ட்ரெயிட்டிற்கும் இடைப்பட்ட காட்டுச் சாலை. இங்குள்ள கடினம் சரிவிலோ வளைவிலோ இல்லை. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்த ஒதுக்கக் காடு ஜாரவா மக்களின் வாழிடம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவர்கள் தொகை ஏறத்தாழ 380. வேட்டையும் மீன்பிடிப்பும் தேனும் காட்டுக் கிழங்குமே வாழ்வாகக் கொண்டு, வெளியாரை நெடுங்காலம் விலக்கியே வாழ்ந்த அவர்கள் 1998-ஆம் ஆண்டு முதல்தான் அச்சமின்றி வெளிவரத் தொடங்கினர். அடுத்த ஆண்டிலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலகினருக்குப் பழகிப்போன நோய் எதுவும் அவர்களுக்குப் புதிய நோயாகலாம். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், தண்டனையைக் கடுமையாக்கிய 2012-ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர்களைக் காப்பதற்காக ஏற்பட்டவை. ஒதுக்கக் காட்டின் பகுதிகளில் இச்சாலையை மூட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் ஆணையிட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கது. சாலை மூடப்படவில்லை, போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. வண்டிகள் குறித்த நேரங்களில் கான்வாய் எனப்படும் அணியாகக் காவலுடன் செல்கின்றன. அணியில் முந்துதலும், இடையில் நிறுத்தி இறங்குதலும், படமெடுத்தலும் தடை செய்யப்பட்டவை. இரவில் போக்குவரத்து இல்லை.

டிரெயிலர் பூட்டியவர் இதன் பொருளை நன்கு சிந்திக்க வேண்டும். ஒன்பது மீட்டர் நீளமுள்ள வண்டியை இச்சாலையில் திருப்ப இயலாது. டிரெயிலரின் ஒரு டயர் வெடித்தால் அவர் மட்டும் நிற்பதில்லை; அவருக்குப் பின்னால் வரும் அணி முழுவதும் காட்டின் நடுவே தேங்குகிறது. மாயாபந்தரிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் தலைநகரின் ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் வண்டிகளுக்கும் இதுவே சாலை. நிற்கக் கூடாத இடத்தில் ஒரு நூறு பேர் இறங்கி நிற்க, அவர்களைக் காணக் காட்டு மக்கள் வந்து கூடும் நிலையை உண்டாக்கியவர், தம் டயர் பழையது என்று காரணம் கூறுதல் பொருந்தாது.

ஆகவே ஜிர்காடாங் சாவடியே இப்பயணத்தில் உண்மையான சோதனை இடமாகும். அதற்கு முன்னரே நிறுத்தி, டிரெயிலரின் சக்கரக் குடங்களைக் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். நாற்பது கிலோமீட்டர் ஓடியபின் குடம் வெதுவெதுப்பாயிருத்தல் இயல்பு. கை வைக்க இயலாத சூடு பேரிங் கெட்டதற்கு அடையாளம். கொக்கியின் ஆணி, காவல் சங்கிலி, விளக்கு இணைப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் டிரெயிலரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பலாம். சாவடியைத் தாண்டியபின் அவ்வுரிமை இல்லை.

மாற்றுச் சக்கரத்தைப் பற்றி ஒரு செய்தி. டிரெயிலரின் சக்கரமும் ஜீப்பின் சக்கரமும் வெவ்வேறு அளவாயிருத்தலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மாற்றுச் சக்கரம் ஒன்று இருக்கிறதென்று எண்ணிப் புறப்பட்டு, அது டிரெயிலருக்குப் பொருந்தாது என்பதைக் காட்டிலே அறிவர். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்கென அமைக்கப்பட்ட கால் டன் டிரெயிலருக்கு ஜீப்பின் சக்கரத்தையே பொருத்தினர். ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டிற்கும் உதவிற்று. அந்த டிரெயிலர் தண்ணீரில் மிதக்கவும் வல்லது. கழிகள் நிறைந்த நாட்டில் வேலை செய்பவர்க்கு அதன் அமைப்பு இன்றும் கருதத்தக்கது.

கடல்வழியும் பிரித்தனுப்புதலும்

மேற்கூறியவற்றை எண்ணிப் பார்த்தால், அவசரமில்லாத பாரத்தைக் கடல்வழியே சரக்காக அனுப்புவதே சிறந்தது என்ற முடிவுக்கு வரலாம். கப்பலில் சரிவு, வளைவு, கான்வாய் எதுவும் இல்லை. ஒதுக்கக் காட்டிற்கும் தொந்தரவில்லை. ஆயினும் அதற்குரிய தொல்லைகள் உண்டு. டிரெயிலரைப் பாரந்தூக்கியால் தூக்குவதற்கு அதன் சட்டத்தில் உறுதியான வளையங்கள் நான்கு இருக்க வேண்டும். பலகைப் பக்கங்களில் கயிறு கட்டித் தூக்கிய டிரெயிலர்கள் பிளந்துவிடும். உப்புக் காற்று பேரிங்கையும் மின்கம்பியையும் அரிக்கும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கப்பல் பிந்தும்.

பலர் எண்ணிப் பாராத மூன்றாம் வழி ஒன்றுண்டு. ஜீப்பும் டிரெயிலரும் ஒரே வழியில் சென்றாக வேண்டும் என்பதில்லை. டிரெயிலரைச் சரக்காகக் கடலில் அனுப்பிவிட்டு, ஜீப்பைத் தனியே சாலையில் ஓட்டிச் சென்று, மாயாபந்தர்த் துறையில் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். இதற்கு இரு முறை கடிதம் எழுத வேண்டியிருக்கும். அலுவலகங்கள் இதனை விரும்புவதில்லை. ஏர்க்கால் நீண்ட படகு டிரெயிலருக்கு ஏறத்தாழ இதுவே தக்க வழி. கால் டன் பாரத்திற்கு இது மிகை. அதனை ஜீப்பின் பின்னாலேயே கொண்டு செல்லலாம். மின்னாக்கி போன்ற இடைநிலைப் பாரத்திற்கு, நான்கு சக்கர இழுவையும் பொருந்தும் மாற்றுச் சக்கரமும் பழகிய ஓட்டுநரும் இருந்தால் சாலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடல்.

சட்டத்தின் தேவைகளையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெயிலரும் பதிவு செய்யப்பட வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் டிரெயிலரின் பின்புறத்திலும் தெரிய வேண்டும்.

மாயாபந்தருக்கு அப்பால்

டிக்லிபூர்வரை செல்ல வேண்டியவர் மாயாபந்தர்ப் பிரிவில் மற்றொரு முடிவு செய்ய நேரும். நடு அந்தமானையும் வட அந்தமானையும் பிரிக்கும் ஆஸ்டின் நீரிணையின்மேல் 268 மீட்டர் நீளமுள்ள செங்கப்பா பாலம் உள்ளது. அந்தமான் காட்டுத் துறையின் தலைவராயிருந்த செங்கப்பாவின் பெயர் தாங்கிய இப்பாலம் 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அதன் நடுக்கண்களின் மேற்கட்டு, தாங்கிகளைவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. இலகு வண்டிகள் மட்டும் அனுமதிக்கப்பட்டு, கனரக வண்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர் பாலம் பழுது பார்க்கப்பட்டது. அந்நாள்களில் தனி ஜீப்புக்குத் திறந்திருந்த அதே சாலை பாரவண்டிக்கு மூடியிருந்தது. பாலத்தின் எடை வரம்பு இழுக்கும் வண்டிக்கும் டிரெயிலருக்கும் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதைப் புறப்படுமுன் நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரை உயர்ந்தது. தலைநகர்ப் பக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. துறைகளில் நீர்மட்டத்தைப் பற்றிய பழைய குறிப்பேடுகளை நம்பி, இன்ன நேரத்தில் இன்ன சரிவு இருக்குமென்று கணக்கிடுதல் தவறாகும். துறையைப் பணியிலுள்ளவர்களிடம் கேட்டறிய வேண்டும்.

பாரம் ஏற்றும் முறையில் மாட்டு வண்டிக்காரரின் அறிவே டிரெயிலருக்கும் போதுமானது. பின்பாரம் ஆனால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும்; முன்பாரம் மிகுந்தால் கழுத்து நோகும். டிரெயிலரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் விழ வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 100 கிலோகிராம். பின்பாரமான டிரெயிலர் வேகம் ஏற ஏறப் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தால் ஆட்டம் அடங்கும். தண்ணீர்த் தொட்டியை முழுதும் நிரப்பியோ முழுதும் காலியாகவோ கொண்டு செல்ல வேண்டும். அரைத் தொட்டி நீர் வளைவுதோறும் ஒருபுறம் சாயும்.

கருவிகளை மாயாபந்தரில் இறக்கியபின் திரும்பும் டிரெயிலர் இலேசானது என்று மகிழ்வர். காலி டிரெயிலர் குழிகளில் துள்ளும். பாரத்திற்கென நிரப்பிய டயர்க் காற்றோடு அது இன்னும் மிகுதியாகத் துள்ளிக் கொக்கியை அடிக்கும். உற்பத்தியாளர் காலி வண்டிக்குக் குறித்த அளவுக்குக் காற்றைக் குறைத்து, தாங்குசக்கரத்தை மீண்டும் ஏற்றிக் கட்டி, மறுநாள் உயர்நீர் எப்போது என்று கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும்.